உப்பில்லாத ஒரு கரண்டி

வருடத்துக்கு ஒருமுறை தெற்கு ஒமாஹாவின் அந்த லூத்தரன் சபைக்கு எங்களைப் போல வாழ்ந்து பார்க்க ஆசை வந்துவிடும். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள். கார் நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் கட்டி, சுற்றிலும் கயிறு இழுத்து, "அகதி முகாம்" என்று பலகை வைப்பார்கள். பிள்ளைகள் சாயங்காலம் வரைக்கும் அகதிகள். அப்புறம் அப்பா அம்மா காரில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். என் அம்மாவைக் கூட்டிப்போக வண்டி வருவதற்குப் பதினோரு வருடம் ஆனது.

இந்த வருடம் நிஜ அகதி ஒருத்தி வேண்டும் என்று மார்லிஸ் எனக்குத் தொலைபேசினாள். சபையின் சேவைப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுப்பவள், எங்களுக்குப் பழைய கோட்டு கொடுப்பவள். எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் பட்டம் வாங்கியபோது, என்னமோ அவளே பரீட்சை எழுதியதுபோல என் படத்தைச் சபை வாசலில் ஒட்டியவள். தெற்கு சூடானிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த நுவேர் சனங்கள் நாங்கள் ஞாயிறு மதியம் கூடி ஜெபிக்கும் கீழ்த்தளக் கூடமும் அவள் தயவுதான்.

"திங்கக்கிழமை கமிட்டி கூடுது கண்ணு. குளிர்காலத்துக்கு உங்களுக்குக் கூடம் உண்டா இல்லையான்னு பேசப்போறோம்" என்று முதலில் சொன்னாள். அதற்கப்புறம்தான் கேட்டாள். "உங்கம்மா சாப்பாட்டு மேசைகிட்ட நின்னா போதும். பிள்ளைங்க நல்ல பசியோட இருப்பாங்க."

எங்கள் பெண்களிடம் போய் பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள் என்று சொல்லலாமா? அம்மா இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து படுக்கவே இல்லை. வெண்டைக்காய் போட்டு மாட்டிறைச்சிக் குழம்பு வைத்தாள். சோளமாவில் களி கிண்டினாள். கை வீங்கியிருந்தது. "வெள்ளக்காரப் புள்ளைங்களுக்குக் காரம் ஆகாதுடி" என்று தனியாக ஒரு சட்டி வேறு.

சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினோம். வாசலில் மார்லிஸின் புருஷன் டேல் பட்டாளத்துச் சட்டை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் துப்பாக்கியை நீட்டி, "பேப்பர் எங்க? பேப்பர காட்டு" என்று பிள்ளைகளிடம் கத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. சட்டியை இடுப்போடு இறுக்கிக்கொண்டு அவரைச் சுற்றிப் போனாள்.

"நியா, வந்துட்டியா" என்று மார்லிஸ் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா பெயர் நியாருவாச். எங்கள் பெண்களில் பாதிப் பேருடைய பெயர் நியா என்றுதான் ஆரம்பிக்கும். முழுசாகச் சொல்ல மார்லிஸுக்கு, எங்களைத் தெரிந்த இந்த ஆறு வருடம் போதவில்லை.

அதன்பிறகுதான் சட்டிகளைப் பார்த்தாள். "ஐயோ செல்லம், இதெல்லாம் எதுக்கு? இன்னைக்கு ஆளுக்கு ஒரு கரண்டி சோறுதான். உப்புகூடக் கிடையாது. பசின்னா என்னன்னு அவங்க கத்துக்கணும்ல."

நான் அம்மாவிடம் எங்கள் மொழியில் சொன்னேன்.

"அந்தப் புள்ளைங்க என்ன தப்பு பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

"தப்பெல்லாம் இல்லம்மா. முகாம் எப்படி இருந்துச்சுன்னு காட்டுறாங்களாம்."

"முகாம்ல இவ இருந்தாளா? இட்டாங் முகாம்ல நம்ம கூடாரத்துக்கு வந்தவங்க யாரையாச்சும் வெறும் வயித்தோட அனுப்பியிருக்கமா? நம்ம பங்கக் குடுத்துட்டுத் தண்ணியக் குடிச்சுப் படுத்தோம். அத நடிச்சுக் காட்டச் சொல்லு."

நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். மார்லிஸ் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "எவ்வளவு அழகா சொல்றாங்க" என்றாள். சொல்லிவிட்டு, வாசனை பிடித்து வந்த ஒரு சிறுமியைத் தோளைத் தொட்டுத் திருப்பி வரிசைக்கு அனுப்பினாள்.

அம்மா தட்டில் களி வைத்து, குழியாக்கிக் குழம்பு ஊற்றி, மார்லிஸிடம் நீட்டினாள். "புள்ளைங்களுக்கு வேணாம்னா போகட்டும். நீ சாப்பிடு."

"இன்னைக்கு நானும் அவங்களோட பட்டினி, கண்ணு" என்றாள் மார்லிஸ் என்னிடம்.

அம்மா டேலைப் பார்த்தாள். அவரும் கையை ஆட்டினார். "ஆம்பளைய விடு, அவருக்கு என் முன்னாடி சாப்பிட வெக்கமா இருக்கும்" என்றாள் அம்மா. எங்களில் ஆண்கள் அந்நியப் பெண் முன்னால் சாப்பிடுவதில்லை. "இவளுக்கு என்ன?"

தட்டை இறக்காமலே நின்றாள். எங்களில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே கொலை விழுந்திருந்தால், அந்த இரண்டு குடும்பத்தாரும் ஒரு சட்டியில் சாப்பிட மாட்டார்கள். மீறினால் சாவு வரும். அதனால் நீட்டிய சோற்றை ஒருத்தி வேண்டாம் என்றால் காரணம் கேட்டே ஆகவேண்டும்.

"கேளு அவள" என்றாள் அம்மா. "நமக்கும் அவளுக்கும் நடுவுல ரத்தம் இருக்கான்னு கேளு."

"அம்மா, அவளுக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியலன்னாதான் கேக்கணும்."

கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். ஒரு வாய் அள்ளிப் போட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மார்லிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"இங்க பாரு, இது பிள்ளைங்களுக்கான நிகழ்ச்சி. உங்க சண்டை சச்சரவை எல்லாம் இங்க கொண்டுவராதீங்க. திங்கக்கிழமை உங்களுக்காகத்தான் நான் பேசணும், ஞாபகம் இருக்கட்டும்."

பட்டத்துக்குப் படித்த நாலு வருடத்தில் கற்ற நாகரிக வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அவள் பேசியதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன், திங்கட்கிழமையையும் சேர்த்து.

அம்மா தட்டை மேசையில் வைத்தாள். கைப்பையைத் துழாவிக் கூடத்துச் சாவியை எடுத்தாள். ஞாயிறுதோறும் கதவு திறந்து, பெருக்கி, நாற்காலி போடுபவள் அவள்தான். சாவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கூடச் சாப்பிடாதவ வீட்டுல எப்படி ஜெபம் பண்றது? சட்டியத் தூக்குடி."

"இதுக்கு என்ன அர்த்தம்?" மார்லிஸ் என்னைத்தான் கேட்டாள். "கமிட்டிக்கு நான் என்னன்னு சொல்றது?"

"பசின்னா என்னன்னு கத்துக்குடுத்தேன்னு சொல்லுங்க" என்றேன்.

காரில் பின்சீட்டில் சட்டிகள் முட்டிக்கொண்டன. "நம்ம பாஸ்டர் கத்துவாரும்மா. நாளைக்கு எங்க கூடுறது? குளிர் வேற" என்றேன்.

"கத்தட்டும். முதல்ல அவருக்குப் போன போட்டு சாப்பிட வரச்சொல்லு. எல்லாரையும் வரச்சொல்லு. எங்க கூடுறதுன்னு சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்."