அமாவாசை மாத்திரை

இன்னும் வரவில்லை, விரல் நடுங்கவில்லை, கழுத்தில் வேர்வை இல்லை, மதியம் ஆகிவிட்டது... மொட்டை மாடிச் சுவரில் காக்கைக்கு வைத்த சோற்றைப் புறாக்கள் வந்து வாரித் தின்றன, ஜோகுபாளையத்துக் காக்கைகளெல்லாம் எங்கே போய்த் தொலைந்தனவோ, சூ சூ என்று விரட்டிவிட்டு தமயந்தி படியிறங்கினாள், ஒரு படிக்கு ஒரு மூச்சு, முழங்கால் இரண்டும் இந்த உடம்பைச் சுமக்க மாட்டேன் என்று முனகின. காக்கை வராவிட்டால் போகட்டும், மதியழகன் வரவேண்டும். செத்துப்போன புருஷன் அமாவாசைக்கு அமாவாசை வருகிறான் என்று சொன்னால் ஊர் சிரிக்கும், மகள் தர்ஷினியிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை. ஆனால் வந்தான், பொய்யா சொல்கிறாள்? காலையில் ஒரு மடக்குத் தண்ணீரில் சுகர் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, வேறெதுவும் வாயில் வைக்காமல் சமைத்து, அவன் படத்துக்கு முன்னால் இலை போட்டுக் கற்பூரம் காட்டும்போது முதலில் விரல் நுனி நடுங்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், கண்ணோரம் இருட்டும், அப்புறம் அந்தப் பசி, அப்பா, என்ன பசி அது, ஒரு மனுஷிக்கு வரக்கூடிய பசியா... தமா, பசிக்குதுடி என்று காதோரம் அவன் குரல் கேட்கும். அவன் இலையை இழுத்து வைத்து அவனுக்காக அவள்தான் தின்பாள், வடை, பாயசம், கடைசியாக நெய் ஊற்றி ஒப்பட்டு என்கிற பருப்புப் போளி, மிச்சம் வைக்காமல். நடுக்கம் மெல்ல அடங்கும், சாப்பிட்ட திருப்தியோடு போய்விட்டான் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒப்பட்டுதான் அவன் கடைசியாகக் கேட்டது. யுகாதிக்கு முதல் நாள், தெருவே வெல்லமும் ஏலக்காயுமாக மணக்க, சுகரால் கால் விரல் எடுத்த கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோலக் கை நீட்டினான். "ஒண்ணே ஒண்ணு குடு தமா, நாளைக்கு நீ இன்னா சொன்னாலும் கேக்குறேன்." "வாயக் கட்ட மாட்டியா நீ? உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் இன்னாய்யா பண்ணுவேன்?" என்று கத்தி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சாவி இடுப்பிலேயே இருந்தது, அந்த வாரமே அவன் போய்விட்டான், நெஞ்சு நின்று. கொடுத்திருக்கலாம், ஒன்று கொடுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்... அன்றிலிருந்துதான் இந்தப் படையல். அமாவாசை மட்டும் போதவில்லை, வெள்ளிக்கிழமை அவனுக்கென்று இரண்டு ஒப்பட்டு, அல்சூர் மார்க்கெட் பக்கம் போனால் அவனுக்கென்று ஒரு பொட்டலம், வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவிலேயே அவனுக்காகப் பிரித்து... உடம்பு பெருத்துக்கொண்டே போனது, வளையல் ஏறவில்லை, சுகரும் ஏறியது, வீட்ல யாரும்மா ஸ்வீட் சாப்பிடறது என்று டாக்டரம்மா கேட்டபோது, எங்க ஊட்டுக்காரரு என்று வாய்தவறி வந்துவிட்டது.

அந்த டாக்டரம்மாதான் போன வாரம், பக்கத்தில் தர்ஷினி உட்கார்ந்திருக்க, கன்னட வாடையடிக்கும் தமிழில் எல்லாவற்றையும் கெடுத்தாள். "விரதம் இருக்கிற நாள்ல இந்த மாத்திரை போடவே கூடாதும்மா, சுகர் தடால்னு எறங்கிடும். கை நடுங்கும், வேர்க்கும், கண்ணு இருட்டும், கொலைப்பசி பசிக்கும். உயிருக்கே ஆபத்து. அப்படி ஏதாவது ஆச்சா?" அவன் வருகிற வரிசையையே அந்தப் பெண் ஒப்பித்தாள், யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவளுக்கு? இல்லை என்று தலையாட்டினாள் தமயந்தி. அதனால் இன்று மாத்திரை போடவில்லை. கற்பூரம் எரிந்து அணைந்து கறுப்புப் பொட்டாகக் கிடக்கிறது, பாயசத்தில் ஆடை படிகிறது, கை கல்லுப்போல அசையாமல் இருக்கிறது. வெறும் பசி, எல்லோருக்கும் வருகிற பசி. அப்படியென்றால் இத்தனை அமாவாசையும் வந்தது யார்? அவன் வரவே இல்லையென்றால் அந்த ஒப்பட்டு ஒரு துண்டுகூட அவனுக்குப் போய்ச் சேரவில்லை, அவனுக்கு இல்லையென்று பூட்டி வைத்ததையெல்லாம் அவளே, அவள் ஒருத்தியே உட்கார்ந்து தின்று தீர்த்திருக்கிறாள்... ஐயோ, அது மட்டும் இருக்கக்கூடாது, வாய்யா, ஒரு தடவை வந்துட்டுப் போய்யா.

போன் அடித்தது, தர்ஷினி, ஆபீஸிலிருந்து. "அம்மா, மாத்திரை போடலல்ல?" "போடலடி." "சாப்ட்டியா?" "ஆங், சாப்ட்டேன்." சாப்பிடவில்லை, இலை போட்டது போட்டபடி இருக்கிறது. போனை வைத்தவள் அலமாரியைத் திறந்தாள், அதே அலமாரி, ஒப்பட்டு இருந்த தட்டில் இப்போது மாத்திரை அட்டை. உயிருக்கே ஆபத்து என்றாளே அந்தப் பெண்... ஒன்று போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், வந்துவிடுவான், இந்தத் தடவை ஒப்பட்டைத் தட்டோடு அவனிடமே கொடுத்துவிடலாம். "ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் வாய்விட்டு. தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டாள், அவன் அன்று கெஞ்சிய அதே கெஞ்சல். யாரிடம் கேட்கிறாள், தடுப்பதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? மாத்திரை உள்ளங்கையில் இருந்தது, இன்னொரு கை தானாகப் போய் இடுப்பில் சாவியைத் தேடியது.