படகுக்கு மேற்கு கிடையாது

தூத்துக்குடியிலிருந்து சேந்தமங்கலம் வந்து, முதல் பஸ்ஸில் மலையேறி, குண்டூர் நாட்டில் எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது மணி எட்டரை. மூன்று மாதம் ஒரு படகுக்குள் குனிந்தே வேலை செய்ததில் முதுகு நிமிர மறுத்தது. என் மனைவி கலைச்செல்வி களியைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். தின்றுவிட்டு இரண்டு நாள் தூங்குவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்தப் படகுக்கு நீரில் மிதக்கும் அடிக்கட்டைகள் இரண்டு. இரண்டுக்கும் மேலே ஒரே தளம், கட்டைக்கு ஓர் எஞ்சின். இரண்டு கால் ஊன்றி நிற்பதால் அலையில் ஆட்டம் குறைவு. ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் நான்கு நாள் கடலிலேயே தங்குவார்கள். சிலிண்டர் காலியாகும்போதெல்லாம் கரைக்கு ஓட முடியாது. அதனால் காற்றடைக்கும் கம்ப்ரஸரும், அதற்குக் கரண்ட் கொடுக்க டீசல் ஜெனரேட்டரும் படகிலேயே வேண்டும். போர்வெல் லாரியில் பதினைந்து வருஷம் கம்ப்ரஸர் ஓட்டியவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போர்வெல் கம்ப்ரஸர் பாறைக்கு ஊதுகிறது. பாறை எந்தக் காற்றையும் வாங்கிக்கொள்ளும். இது மனிதர் நெஞ்சுக்கு ஊதுவது.

கம்ப்ரஸர் ஒரு குழாய் வழியாக வெளிக்காற்றை இழுக்கும். குழாயின் வாய் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் இருந்துவிடக் கூடாது. டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாங்கள் போட்ட ஃபில்டர் எண்ணெயையும் ஈரத்தையும்தான் பிடிக்கும், அதைப் பிடிக்காது. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. மேலே தலைவலி தருகிற அளவு, கீழே ஆளையே சாய்த்துவிடும். அதனால் புகையை ஒரு கட்டையிலும் குழாய் வாயை எதிர்க்கட்டையிலும் வைக்கத் திட்டம் போட்டேன்.

"ஏனுங்க, அந்தச் சொம்ப மேக்கால தள்ளி வெய்ங்க. கை பட்டு ஊத்தப் போவுது," என்றாள் கலைச்செல்வி.

பார்க்காமலே தள்ளி வைத்தேன். எங்கள் பக்கம் அப்படித்தான். இடம், வலம் என்று யாரும் சொல்வதில்லை. சொம்பு, மாடு, பாய், எல்லாமே தெக்கால, மேக்கால என்றுதான் நகரும்.

வாய்க்குப் போன களி பாதியில் நின்றது.

குழாய் ஒன்றுதான் பாக்கி இருந்தது. படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகு மாட்டச் சொல்லி, ஃபிட்டர் விவேக்கிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்: 'காற்றுக்குழாய் வாய், மேற்குக் கட்டை.' பட்டறையில் படகின் முகம் வடக்கே இருந்தது. காலை வெயில் ஜெனரேட்டர் இருக்கும் கட்டையில் அடிக்கும். போனை எடுத்து, விவேக் நேற்று அனுப்பிய படத்தைப் பார்த்தேன். படகு ஜெட்டியில் நின்றது. காலை வெயில் மற்ற கட்டையில் அடித்தது. முகம் தெற்கே திரும்பியிருந்தது.

ஜெனரேட்டர் இப்போது மேற்கில்; சீட்டுப்படி மாட்டினால் குழாய் வாயும் அதே கட்டையில். அதன் புகையும் கடல் தண்ணீரோடு கலந்து நீர்மட்டத்தை ஒட்டி வெளியே போவது; மேலே தளத்தில் குழாய் மாட்டுகிறவன் கண்ணில் படாது.

முதல் சோதனை இன்று பத்து மணிக்கு. இறங்கப் போவது டைவிங் சொல்லிக்கொடுக்கும் ஜாஸ்மின். என் மகள் வயது.

வீட்டில் சிக்னல் கிடையாது. மரவள்ளிக் காட்டுக்கு மேலே ஒரு பாறையில்தான் வரும். கையைக்கூடக் கழுவாமல் ஏறினேன். ஒன்பது ஐம்பதுக்கு லைன் கிடைத்தது.

"கண்ணு, அர்த்தனாரி பேசறேன். தண்ணிக்குள்ள எறங்கிராத!"

"என்னண்ணே இப்படி மூச்சு வாங்குது? நான் சிலிண்டர் அனுப்பட்டுமா?" சிரித்தாள். "இன்னும் எறங்கலண்ணே. தளத்துல உக்காந்து பத்து நிமிஷம் இழுத்துப் பாத்தேன். நல்லாத்தான் வருது. தலைதான் லேசா வலிக்கு. சரியாத் தூங்கலல்லா, அதான்."

"தூக்கமில்ல சாமி, பொகை. வாயிலிருந்து எடு. எல்லாச் சிலிண்டரையும் தொறந்து உடு. ஆக்சிஜன் பெட்டிய எடுத்து மூக்குல வெய்யி."

"பெட்டி எங்கண்ணே?"

"தெக்கால பெஞ்சுக்கு அடியில."

"எது தெக்கு? நங்கூரத்துல படகு சுத்திக்கிட்டே கெடக்கு!"

கண்ணை மூடிக்கொண்டேன். பட்டறையில் நின்ற படகை மனதில் நிறுத்தி, அதற்குள் ஏறி, முகத்தைப் பார்த்து நின்றேன். தெற்கு என் முதுகுக்குப் பின்னால்.

"பின்னால! தண்ணிக்கு எறங்கற ஏணி இருக்குதில்ல, அங்க நின்னு படகு மூஞ்சியப் பாரு. சோத்துக்கைப் பக்கத்துப் பெஞ்சு."

"என் சோத்துக்கையா, படகோட சோத்துக்கையா?"

"மூஞ்சியப் பாத்து நின்னா ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு."

பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு லைன் அறுந்தது. பாறையிலேயே உட்கார்ந்தேன். குழம்பு கையில் காய்ந்தது. இருபது நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"வலி கொறஞ்சிருச்சுண்ணே. கரைக்குத் திரும்புறோம், ஆஸ்பத்திரியில காட்டிட்டு வீட்டுக்குப் போறேன். விவேக் அண்ணன ஏசாதீங்க, அவரு சீட்டுல இருந்ததத்தான் செஞ்சாரு."

"அவன ஏசறதுக்கு எனக்கு வாயில்ல."

இறங்கி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது. படகு முழுக்க நான் ஒட்டிய சீட்டுகள்: வடக்கு வால்வு, கிழக்கு டீசல் டேங்க், தெற்கு பம்ப். நான்கு நாளைக்கு ஒன்பது பேர் அவற்றை நம்பிக் கடலில் இருக்கப் போகிறார்கள். போனில் சொல்லி மாற்றுகிற வேலை இல்லை அது.

நான் கொண்டுவந்த மூட்டையைக் கலைச்செல்வி இன்னும் பிரிக்கவே இல்லை; நடந்ததைச் சொல்லி அதை எடுத்தேன். "திரும்பியுமா? போயி என்னத்த எழுதுவீங்க?"

"முன்னால, பின்னால, சோத்துக்கை, பீச்சாங்கை."

"பீச்சாங்கைன்னு எழுதி ஒட்டுனா எவன் அந்தப் படகுல ஏறுவான்? எடது வலதுன்னு எழுதிட்டுச் சுருக்கா வாங்க."

மதிய பஸ்ஸில் இருவர் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, அப்படியே தூங்கிவிட்டேன். கண்டக்டர் தோளைத் தட்டினார்.

"ஏனுங்க, கொஞ்சம் மேக்கால தள்ளி உக்காருங்க, ஒராளு வாராரு."

ஜன்னல் ஓரம் தள்ளினேன். அதற்குள் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பிவிட்டது. ஜன்னல் இப்போது கிழக்கே இருந்தது. இன்னும் அறுபது வளைவுக்கு மேல் பாக்கி. கண்ணை மூடிக்கொண்டேன்.