தொண்ணூறு நாள் கெடு

என் அக்கா புருஷனை நான் திட்டம் போட்டு மாட்டிவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு தேதியையும் மாற்றவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதினேழு வருஷமாக விசா விண்ணப்பம் எழுதிப் பிழைக்கிற எனக்கு வாயை மூடுவது பெரும்பாடாகத்தான் இருந்தது.

அன்றைக்கு அத்தான் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் தாண்டி என் மேசையில் கையை ஊன்றினார்.

"பஸ்லயே பதினோரு நாடு போறோம். நூறு நாள் டூர். உங்க அக்காவும் வர்றா."

"அக்காவையுமா கூட்டிட்டுப் போறீங்க?"

"பின்ன? நூறு நாளும் எனக்கு மாத்திரை யாரு எடுத்துக் குடுப்பா? என் துணிய யாரு துவைப்பா?"

அதானே பார்த்தேன்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்யாணமான மறுவாரமே அக்காவை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனார். போன அன்றே அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் போன் மேல் போன் போட்டேன். அவளை மட்டுமாவது அனுப்புங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். எனக்கு லீவு கிடைக்கட்டும், சேர்ந்தே வருகிறோம் என்றார். அப்பா பதினோரு நாள் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நர்ஸ் உள்ளே வரும்போதெல்லாம் "பெரியவளா?" என்று கேட்பார். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். அவர்கள் இருவரும் வேலை முடிந்து திரும்பி வந்து இப்போது ஆறு வருஷம் ஆகிறது. பாஸ்போர்ட் இன்னும் அதே பீரோவில்தான் இருந்தது.

"ரெண்டு பேர் பாஸ்போர்ட்டையும் குடுங்க அத்தான்."

"என்னோடத மொதல்ல முடி. எல்லா விசாவும் இந்த வாரமே வந்தாகணும், கிளப்புல காட்டணும். அவளோடத கெளம்புறதுக்கு முந்தின வாரம் தர்றேன். அவ்வளவு நாளெல்லாம் அத வெளிய விட முடியாது."

தரை வழியாகப் போகிறவர்கள் எல்லா விசாவையும் ஒரே மூச்சில் எடுக்கவே கூடாது. எட்டாவது நாட்டுக்காரன், விசா கொடுத்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் தன் எல்லைக்குள் கால் வைத்தாக வேண்டும் என்கிறான். விமானத்தில் போகிறவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. இந்த பஸ் அந்த எல்லையைத் தொடவே நாற்பத்தோரு நாள் ஆகும். அது கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? "அத்தான், எட்டாவது நாட்டு விசாவ மட்டும் கடைசியா..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நான் பார்க்காத விசாவா? சொன்னதச் செய்."

சரி ராசா, உன் இஷ்டம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். யாராக இருந்தாலும், கடைசித் தேதியைச் சிவப்பு மையில் ஒரு துண்டுத் தாளில் எழுதி பாஸ்போர்ட் உறையில் குத்தித்தான் கொடுப்பேன். அவருக்கு மட்டும் குத்தவில்லை. சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டார். தேதியைப் பார்க்கவில்லை, போட்டோவில் தன் முடி சரியில்லை என்று மட்டும் குறைப்பட்டார்.

சொன்னபடி கடைசி வாரத்தில்தான் அக்காவின் பாஸ்போர்ட் வந்தது. ராப்பகலாக அலைந்து விசா வாங்கினேன். அவளுக்கு நாற்பத்தோராம் நாள் தாராளமாகச் செல்லும். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது, அன்றைக்கே முகத்தில் தெரிந்துவிடும். எனக்கு இருந்த பயமும் அவள்தான். எல்லையில் அவரோடு அவளும் திரும்பிவிட்டால் அந்த ஆத்திரம் முழுக்க அவள் தலையில்தான் விடியும். உன் வஞ்சத்துக்கு அவளைப் பலி கொடுத்துவிட்டாயே என்று நாற்பது நாளும் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நாற்பத்தோராம் நாள் மதியம் போன் வந்தது.

"ஏய்! என்னை உள்ள விடமாட்டேங்கிறான்! தேதி முடிஞ்சுபோச்சாம்! புது விசாவுக்கு முந்நூறு கிலோமீட்டர் திரும்பிப் போகணுமாம்!"

"அக்கா எங்க?"

"அவங்கவங்க பாஸ்போர்ட்ட அவங்கவங்களே காட்டணும்னான், அவ மொதல் ஆளா உள்ள போயிட்டா. இங்க வந்தா மறுபடி நுழைய முடியாதாம். பஸ் கெளம்பப் போகுது. கூப்பிடுறேன், திரும்பிக்கூட பார்க்கமாட்டேங்கிறா! உன் கையில இருக்கு, ஏதாவது செய்ம்மா!"

"எங்க அப்பாவுக்காக நானும் உங்ககிட்ட இப்படித்தான் கெஞ்சினேன்" என்றேன்.

நான் போனை வைத்தேன். நெஞ்சு குளிர்ந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போன். பக்கத்து சீட்டுக்காரம்மாவின் போனை வாங்கி அக்கா பேசினாள். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"நீ தெரிஞ்சேதானே பண்ணினே?"

"ஆமாக்கா."

திட்டப்போகிறாள், அழப்போகிறாள் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"அடிப்பாவி, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?" என்றாள். "பெட்டி முழுக்க அந்தாள் துணிய அடுக்கிட்டு வந்திருக்கேன். இனிமே நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போறதில்லைன்னா எனக்கு நாலு செட்டு துணி எப்படிடி போதும்?"