எலிக்குக் கிச்சுகிச்சு

...சிரிக்குமாம். எலி சிரிக்குமாம், அதுவும் மனிதக் காதுக்கு எட்டாத சிரிப்பாம், எட்டாத சிரிப்பை வரவழைக்கத் தெரிகிறதா என்று ஒரு தேர்வாம், அந்தத் தேர்வில் போன வாரம் கோட்டை விட்டாயிற்று, இன்றைக்கும் விட்டால் எலி அறைக் கதவு இனி இவருக்குத் திறக்காது, கூண்டு கழுவும் அறைக்குப் போ என்பார்கள், அங்கே நீராவியும் சோப்பு நுரையும்தான், உயிருள்ளது ஒன்றும் இருக்காது... என்று ஓடிய நினைப்பில் அவர் முகக்கவசத்தைத் தலைகீழாக மாட்டிக்கொண்டுவிட்டார். மூக்குக் கம்பி தாடையில் குத்திய பிறகுதான் தெரிந்தது. கழற்றித் திருப்பி மாட்டினார். ஆய்வுக்கூடத்தில் விலங்குப் பராமரிப்பாளராகச் சேர்ந்த முதல் நாளில்கூட இப்படித் தடுமாறியதில்லை. உள்ளே, கணினிக்கு முன்னால், பயிற்சியாளர் பெண் உட்கார்ந்திருந்தாள். இவருடைய மகள் வயதுதான் இருக்கும், ஆனாலும் எல்லாரையும்போல் "அண்ணே" என்றே கூப்பிடுவாள், அந்த "அண்ணே"யில் நீங்க எப்படியும் தேறிடுவீங்க என்று ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் பயிற்சி என்றால் என்ன, வருஷத்துக்கு ஒரு மதியத் தூக்கம். சாப்பிட்ட கையோடு எல்லாரையும் ஒரு அறையில் அடைத்து, விளக்கை அணைத்து, படம் போட்டு, விதிகளை யாராவது ஒருத்தர் தாலாட்டு மாதிரி வாசிப்பார், விளக்கு எரிந்ததும் எழுந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம், குறட்டை விட்டவருக்கும் அதே சான்றிதழ். அப்புறம் இந்தப் பெண் வந்தாள். வந்ததும் வராததுமாக அதையெல்லாம் மூட்டை கட்டினாள். தெரியும் என்று கையெழுத்துப் போட்டால் போதாது, செய்து காட்டணும் என்றாள். மனிதக் கையைப் பார்த்து எலி பயந்தால் அதன் ரத்தம் மாறுகிறது, ரத்தம் மாறினால் ஆராய்ச்சியே பொய்யாகிறது, அதனால் எலியைத் தொடுகிறவர்கள் எல்லாரும் முதலில் அதனோடு விளையாடப் பழக வேண்டும் என்றாள். விளையாட! கூண்டு கழுவுகிற கூட்டாளிக்கு அன்றைக்கு அல்வா கிடைத்த மாதிரி. "உம்மணாமூஞ்சி எலியைச் சிரிக்க வைக்கப் போகுதாம், முதல்ல அது சிரிக்கட்டும்யா" என்று சாப்பாட்டு அறையே அதிரச் சொன்னான். இவருக்கு அந்தப் பட்டப்பெயர் பழகிப்போனதுதான். ஆனாலும் அன்றைக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை. சோபாத் திண்டை மடியில் வைத்துக்கொண்டு விரல்களைக் குடுகுடுவென்று ஓட்டிப் பார்த்தார், பிடரியில் ஆரம்பிக்க வேண்டும், சட்டென்று மல்லாத்த வேண்டும், நெஞ்சில் இரண்டு ஓட்டு, விட்டுவிட வேண்டும், மறுபடி... துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைய ஒரு தடவை கிச்சுகிச்சு மூட்டியிருப்பீங்களா? திண்டுக்கு வந்த வாழ்வைப் பாரு." சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள், சரி, எங்கிட்ட காட்டுங்க என்று. காட்டினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னங்க இது, தூசி தட்டறாப்ல இருக்கு. நீங்க பயந்துக்கிட்டே தொட்டா எனக்கு எங்கேர்ந்து சிரிப்பு வரும்?" நான் எதுக்குப் பயப்படறேன் என்று எரிந்து விழுந்தார். அவள் கையை எடுக்காமல் வைத்திருந்தாள், அந்தக் கை எவ்வளவு சொரசொரப்பாகிவிட்டது, எப்போது ஆயிற்று, பார்க்கவே இல்லையே... பாவம் என்று தோன்றியது.

"ஆரம்பிக்கலாமா அண்ணே?" பெட்டிக்குள் ஒரு குட்டி எலி, வெள்ளை, பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். பெட்டிக்கு மேல் ஒலிவாங்கி தொங்கியது. கேட்காத சத்தத்தை அது திரையில் கோடாகப் போட்டுக் காட்டும், எலி சிரித்தால் மேலே சின்னச் சின்னக் கீற்று, பயந்து முனகினால் கீழே நீளக் கோடு. போன வாரம் இவருக்கு விழுந்தது நீளக் கோடு. கையை உள்ளே விட்டார். குட்டி பின்வாங்கி மூலையில் ஒண்டியது. அதுதானே எலி, எலி என்றால் ஒண்டத்தான் செய்யும், இவர் கை பட்ட எலி எல்லாம் ஒண்டித்தான் இருக்கின்றன... பிடரியில் விரலை வைத்தார். ஓட்டினார். திரையில் ஒன்றுமில்லை. "நீங்க தடவிக் குடுக்கறீங்க அண்ணே, அது தூங்கறதுக்கு. விளையாட்டு மாதிரி பண்ணுங்க, கொஞ்சம் முரட்டுத்தனமா." முரட்டுத்தனமா... உடம்பே இவ்வளவுதான், விரலுக்குக் கீழே நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறது, எதற்கு இதை முரட்டுத்தனமாக... "பயப்படாதீங்க." "நான் எங்கம்மா பயப்படறேன்?" ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் ஒரே பொய்யைச் சொல்கிறோம் என்று பட்டது.

எதற்குப் பயம் என்று தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் சொல்லிக் கொடுத்தது மூன்றே விஷயம், பேர் வைக்காதே, பேசாதே, விளையாடாதே. ஏன் சார் என்று கேட்டதற்கு, "ஆராய்ச்சி முடியற அன்னிக்குக் கை நடுங்கும்ப்பா" என்றார். ஆராய்ச்சி முடிகிற அன்றைக்கு எலிகளையும் முடித்துவிட வேண்டும். அதைச் செய்கிற கை இவருடையது. நடுங்காத கை என்று பேர் வாங்கிய கை, வலிக்காமல், சட்டென்று, அதற்காகவே மற்ற பிரிவிலிருந்தெல்லாம் இவரைக் கூப்பிடுவார்கள், இவரும் போவார், முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பேசாமல் சாப்பிடுவார். இவ்வளவு காலமும் மூன்றையும் கட்டிக் காத்ததால்தான் அது முடிந்தது. இப்போது வந்து, சிரிக்க வை என்றால்? சிரித்ததை எப்படி... சரி, தோற்றுவிட்டால் என்ன? திடீரென்று அது ஒரு நல்ல யோசனையாகத் தெரிந்தது. தோற்றால் கூண்டு கழுவப் போய்விடலாம், அந்த நாளும் தன் தலையில் விழாது, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே தடவிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. அப்புறம் யார் செய்வார்கள்? புதிதாகச் சேர்ந்தவன் செய்வான். போன மாதம் இதே தேர்வுக்கு வந்தவன், முதல் தடவையிலேயே தேறிவிட்டவன், நல்ல பையன்தான், ஆனால் அவசரக் கை... அந்த அவசரக் கையில் இதை விட்டுவிட்டுப் போய்ச் சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? முடியாது. சத்தியமாக முடியாது.

யோசனையில் விரல் நின்றுபோயிருந்தது போலும். குட்டி திரும்பி, இரண்டு முன்கால்களாலும் அவர் விரலைப் பிடித்து, கையுறையை மெல்லக் கடித்தது. வலிக்கவில்லை. டேய், என்றார், தன்னையறியாமல். பேசாதே என்பது போயிற்று. டேய், யாரைடா கடிக்கிற, என்று சட்டென்று மல்லாத்தி நெஞ்சில் விரல்களை ஓட்டினார், எப்படி ஓட்டினோம் என்று கேட்டால் தெரியாது, திண்டில் ஓட்டியது இல்லை இது, மகள் தவழ்ந்த நாளில் எப்போதோ ஒரு தடவை யாரும் பார்க்காதபோது... விட்டார். குட்டி புரண்டு எழுந்து ஓடி, நின்று, திரும்பி வந்து கையை முட்டியது. "அண்ணே, திரையைப் பாருங்க!" நிமிர்ந்தார். மேலே பூராவும் கீற்று, பொடிப்பொடியாக, இடைவெளியே இல்லாமல். அறையில் ஒரு சத்தமும் இல்லை, குளிர்சாதன இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது, அந்த நிசப்தத்துக்குள் இந்தப் பொடிசு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறது. இந்த அறையில் இத்தனை வருஷம் நின்றோமே. இத்தனை வருஷமும் காதில் விழாமல் சிரிக்க முடிந்தவை இங்கே இருந்திருக்கின்றன, ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது, முகக்கவசத்துக்கு மேலே மறைக்கவும் வழியில்லை.

"பாஸ் அண்ணே, சூப்பர்! கையை எடுத்துடுங்க, பெட்டியை மூடிடலாம்." அவள் குரலே குதித்தது. அவர் கையைத் தூக்கினார். குட்டி பின்கால்களில் நின்று மூக்கை நீட்டி மேலே தேடியது. கையை அந்த ஓரத்தில் இறக்கினார், அங்கே ஓடி வந்தது. இந்த ஓரத்துக்கு மாற்றினார், இங்கேயும் வந்தது. அப்படியானால் ஒண்டுவது எலியின் குணம் இல்லை. அப்படியானால் அந்த நாளில்... அந்த நாளில் இது மூலையைத் தேடாது, இந்தக் கையைப் பார்த்ததும் விளையாட்டுதான் என்று நினைத்து ஓடி வரும், பயப்படாமல் வரும், கடைசி வரைக்கும் ஒரு துளி பயமும் இல்லாமல்... அது நல்லதுதானே? அதற்கு நல்லதுதான். இவருக்கு? நடுங்குகிற கையாலும் வலிக்காமல் செய்ய முடியுமா, அதற்கு ஏதாவது பயிற்சி வைத்திருப்பாளா இந்தப் பெண், கேட்டால் சிரிப்பாளோ, இல்லை அவளுக்கும் பதில் தெரியாதோ.

"அண்ணே, கை..."

"எடுத்துடறேம்மா," என்றார். எடுக்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை."