மெய்யெழுத்து

சின்னவளுக்குத் தொழிற்சாலையில் இப்போது 'கைதூக்கி' என்றுதான் பெயர். கேலியில்லை, மரியாதைப் பெயர். வாசல் சுவரில் சங்கம் ஒட்டிய போஸ்டரில் இருப்பவள் அவள்தான்: கை வானத்தில், வாய் திறந்தபடி. ஊர் உலகமெல்லாம் சுற்றிய படம். அந்தச் சுவரைக் கடக்கும்போது மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

சட்டை தைக்கும் ஆலை அது. வேறொரு நாட்டில் இன்னும் மலிவாக ஆள் கிடைக்கிறதென்று தையல் இயந்திரங்களைக் கழற்ற லாரி வந்தது. எல்லோரும் வாசலை மறித்தார்கள். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்போல மேனேஜர் வந்து நின்றார்.

"உங்க பிள்ளைகுட்டிகளை நினைச்சுப் பாருங்க. வேலை வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க, உள்ளே விடறேன்."

சின்னவள் முந்திக்கொண்டாள். கையைத் தூக்கி "நான்!" என்று கத்தினாள். சங்கத் தலைவர் அதே நேரத்தில், "இந்தக் கம்பெனியை வளத்தது யாரு?" என்று கேட்க, கூட்டம் "நாம்!" என்று முழங்கியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அங்கே வந்திருந்த கேமராக்காரர் ஒருவர் அந்த நேரம் பார்த்துப் படமெடுத்துவிட்டார்.

லாரி காலியாகத் திரும்பியது. பிறகு சிலருக்கு வேலை போனது. அதில் ஒருத்தி ஒரே வீட்டில் இருக்கும் அவளுடைய ஓரகத்தி, மூத்தவள். போஸ்டரில் இருப்பவளை நீக்க மட்டும் நிர்வாகத்துக்குத் துணிச்சல் வரவில்லை. அன்றிலிருந்து மூத்தவள்தான் இவளுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறாள். சின்னவள் பாதிச் சோற்றைத் திருப்பிக் கொண்டுவருவாள்.

இன்று அந்தக் கேமராக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"புத்தகம் போடறேங்க. படத்துக்குக் கீழே ஒரு வரி வேணும். அப்போ என்ன சொல்லிக் கத்தினீங்க? 'நா' வரைக்கும் வாயைப் பாத்தாலே தெரியுது. அதுக்கப்புறம்?"

"டீ கொண்டு வர்றேன்" என்று அடுப்படிக்குள் ஓடினாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் வெட்கமாக இருந்தது. மூத்தவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் அன்னிக்குக் கோஷம் போடலை. உள்ளே போறதுக்குத்தான் கையைத் தூக்கினேன். 'நான்'னு கத்தினேன்க்கா."

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் பக்கத்துலதானே நின்னேன். எனக்கென்ன காது செவிடா?"

"தெரிஞ்சும் எனக்குச் சோறு போட்டியா? ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"சொல்லி? அந்தப் படத்தைப் பாத்துதான் மறுநாள் இன்னும் நூறு பேரு வந்து நின்னாங்க. உன்னைக் காட்டிக் கொடுத்தா அவங்க மூஞ்சியில யாரு முழிக்கிறது?" டம்ளரை ஓங்கி வைத்தாள். "கோவம் இல்லாம இல்லடி. வயிறு எரிஞ்சுது. போ, டீ ஆறுது."

சின்னவள் டீயை நீட்டினாள். கூடவே வந்த மூத்தவள், "'நாம்'னுதான் சார் கத்தினா. எழுதிக்குங்க" என்றாள்.

"அவங்க வாயாலயே சொல்லட்டுமே" என்று சிரித்தார் அவர்.

"நா..." என்று தொடங்கி நின்றாள் சின்னவள். மூத்தவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய வேலை ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டால் போதும், 'ம்' தானாக வந்துவிடும்.

மூடிக்கொண்டாள்.