திரும்பிப் பார்க்கும் மான்

எங்கள் நிச்சயம் முடிந்த கையோடு வினீத் கல்ஃபிலிருந்து அனுப்பிய படம் ஆறடி நீளம். அப்பா ஹாலில் இருந்த பைபிள் வசனப் பலகையைக் கழற்றி அடுக்களை வாசலுக்குத் துரத்திவிட்டு, அந்த இடத்தில் படத்தை மாட்டினார். ட்ரோனைப் பறக்கவிட்டு மேலிருந்து எடுத்தது. மஞ்சள் மணலில் பாலைவன மான்கள் கூட்டமாக ஓடுகின்றன. மேலிருந்து பார்த்தால் மான்கள் வெறும் குச்சிகள்தான். சாயங்கால வெயிலில் நீண்டு கிடக்கும் நிழல்கள்தான் மான் மாதிரி இருக்கும். எல்லா நிழலும் முன்னால் ஓட, கடைசி நிழல் மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்.

வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கடைசி மானைத்தான் பிடித்தது. "அதுக்கக் கெத்தப் பாத்தியளா" என்று, தானே வளர்த்துவிட்டதைப் போல அப்பா காட்டுவார். வினீத் கம்பெனி வேலை போக மீதி நேரத்தில் இப்படிப் படமெடுத்து ஆன்லைனில் விற்கிறான். பெரிய பெரிய பங்களாச் சுவர்களில் தொங்குகிறதாம். குடிக்கமாட்டான், சிகரெட் பிடிக்கமாட்டான், கூடவே கலைஞன். பாறசாலையில் இதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும்?

கல்யாணத்துக்கு லீவில் வந்தவன் மறுநாளே தன் ஊரான அதியன்னூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா அடுக்களையில் அவனுக்காக வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எப்படி மக்கா எடுக்கிது?" என்று அப்பா கேட்டதுதான் தாமதம், போனை டிவியில் இணைத்துவிட்டான்.

மான்கள் ஒரு சின்னத் தண்ணீர்க் குட்டையில் குடித்துக்கொண்டிருந்தன. ட்ரோன் சட்டென்று இறங்கியது. சிதறி ஓடின. கொஞ்ச நேரத்தில் தாகத்தோடு திரும்பி வந்தன. மறுபடியும் விரட்டினான். மறுபடியும் வந்தன.

"நின்னா படம் கிட்டாது மாமா. ஓடணும். ஓடுனாத்தான் நிழலுக்கு ஒரு அழகு" என்றான் வினீத்.

பிறகு ஒரு குட்டி முன்னங்காலை மடக்கி விழுந்தது. எழப் பார்த்தது, முடியவில்லை. தாய் ஓடியபடியே கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. எனக்கு அந்த நிழல் தெரிந்திருந்தது. ஒரு மாதமாக அதன் கீழே உட்கார்ந்துதானே டீ குடித்தேன்.

தாய் திரும்பி வந்து குட்டியை முகர்ந்தது. ட்ரோன் அதன் தலைக்கு மேலே வந்து இரைந்தது. தாய் ஓடியது. குட்டி அப்படியே கிடந்தது.

"அப்ப நம்ம படத்துல குட்டி எங்க?" என்று கேட்டேன்.

"அத கம்ப்யூட்டர்ல அழிச்சு மாய்ச்சாச்சு. செத்தத யாரு காசு குடுத்துச் சுவத்துல மாட்டுவா?" பல்லைக் காட்டினான். அப்பாவும் கூடச் சிரித்தார். அம்மா பழம்பொரித் தட்டோடு வந்தாள். அவன் எண்ணெய் விரலைச் சப்பிச் சப்பித் தின்றான். இந்தக் கையையா பிடிக்கப் போகிறேன் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

அவன் போனதும், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன்.

"ஒரு மானுக்கு வேண்டி கல்யாணத்த முடக்குவியா? ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. நாளைக்கு மூணாமத்தது" என்றார் அப்பா. ஓலை என்பது எங்கள் சபையில் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள்.

நான் அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். "மானை விரட்டாத ஆம்பிள உண்டா, போய்க் கிட" என்று பேச்சை வெட்டிவிட்டாள். வினீத்துக்கே போன் போட்டேன்.

"உனக்கு அது பிடிக்கல்லன்னா ஒட்டகம் தாறேன் ஜீனா. ஒட்டகம் சும்மா நிக்கும்" என்றான். படத்தை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினான். கட் செய்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

மறுநாள் ஆராதனையில் போதகர் ஓலையை வாசித்தார். விஜயதாஸ், லீலாபாய் தம்பதியரின் மகள் ஜீனா என்று வந்ததும் பெண்கள் பக்கம் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாருக்காவது தடை உண்டா என்ற கேள்விக்கு எங்கள் சபையில் பதில் வந்ததே இல்லை. போதகரும் அடுத்த பக்கத்தைப் புரட்டியபடிதான் கேட்பார்.

எழுந்தேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "இரி மக்கா, ஆளுவ பாக்குதாவ."

"எனக்குத் தடை உண்டு ஐயா."

"உன் ஓலைதானே ஜீனா வாசிச்சது?"

"ஆமா. அதுக்குத்தான் சொல்லுதேன்."

"காரணம்?"

"தண்ணி குடிக்க வந்த மான அவரு விரட்டி விரட்டிப் படம் எடுத்தாரு. குட்டி விழுந்து போச்சு. தாயி திரும்பிப் பாத்துது. குட்டியப் படத்துலேருந்து அழிச்சிட்டு, அந்தத் தாயிய எங்க வீட்டுச் சுவத்துல அழகுக்கு மாட்டியிருக்கு. எனக்கு அவரக் கண்டா அறப்பும் அருவருப்புமா இருக்கு."

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். போதகர் புரட்டிய பக்கத்தைத் திரும்பப் புரட்டினார்.

அம்மா இன்னும் முந்தானையை விடவில்லை. கீழிருந்து எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அந்தக் குட்டி பொறவு எழும்பவே இல்லியா?"

"இல்லம்மா."

அம்மா முந்தானையை விட்டாள். மெதுவாக எழுந்து என் பக்கத்தில் நின்றாள்.