நிரந்தரமாக மூடப்பட்டது

1

ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு விலை இருநூறு ரூபாய். வாங்கியவன் நான். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. கற்பனை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'காரைக்கால் கடற்கரையில் காற்று உப்பை வாரி...' வேண்டாம். வலையும் கயிறும் விற்கிறவனுக்குக் காற்றைப் பற்றி என்ன பேச்சு.

இரண்டாவது: 'என் நண்பன் ஒருவன் வலைக்கடை வைத்திருந்தான்.' நண்பன் நான்தான். (பேரத்தில் இல்லாத மச்சானை இழுப்பது எங்கள் வீட்டு வழக்கம்: "எனக்கில்லீங்க, மச்சான் கேட்டாரு.")

மூன்றாவது: மீன்பிடித் தடைக்காலம் முடிய இருபது நாள். படகுகள் இறங்கும் முன் எல்லோரும் வலை வாங்கும் நேரம்; வருஷ வியாபாரத்தில் பாதி அப்போதுதான். என் கடைக்கு நாலு கடை தள்ளித் தெட்சிணாமூர்த்தி அண்ணன் கடை. கைபேசி வரைபடத்தில் வலைக்கடை தேடினால் அவர்தான் முதலில் வருவார். அவர் கடையைத் தொட்டு, 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று தெரிவித்தேன். என் போனில் ஒரு முறை, மனைவி விசாலாட்சி போனில் ஒரு முறை, கடைக் கணக்கர் போனில் ஒரு முறை. மறுநாள் வரைபடம் ஒப்புக்கொண்டது. வெளியூர்ப் படகுக்காரர்கள் என் வாசலில் இறங்கினார்கள்.

3

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. முப்பது வருஷத்தில் அவர் ஒருநாள்கூடக் கடை அடைத்ததில்லை. (மகள் கல்யாணத்தன்று பாதி ஷட்டர்.) கோட்டுச்சேரிப் படகுக்காரர் கருப்பையன், அண்ணன் கடை நம்பர் தேடப்போய் அந்த இரண்டு சொல்லைப் பார்த்திருக்கிறார். அவருக்கு அதில் ஒரே அர்த்தம். மாலை வாங்கிக்கொண்டு நேரே அண்ணனுடைய தருமபுரத்து வீட்டுக்குப் போய்விட்டார். கதவைத் திறந்தவர் தெட்சிணாமூர்த்தி.

"நான் செத்ததுக்கு வந்தவருக்கு நானே டீ போட்டுக் குடுத்தேன் தம்பி," என்று என் கடையில் உட்கார்ந்து சிரித்தார். "நல்ல மாலை. பேரம் பேசாம வாங்கியிருக்காரு."

சிரிப்பு நின்றது.

"ஒரு வாரமா வெளியூர் ஆளு ஒருத்தர் வரல. கடன் வாங்கிச் சரக்குப் போட்டிருக்கேன். இந்த சீசன் போச்சுன்னா நெசமாவே மூடணும். ஒங்களுக்குப் போன் வேலையெல்லாம் தெரியுமே, என்னையத் தொறந்து விடுங்க."

திறந்தேன். போனில் நாலு தட்டு.

(இங்கே அந்த 'நண்பன்' உண்மையைச் சொல்வதாக எழுதி அடித்துவிட்டேன். அவனை எனக்குத் தெரியும்.)

"எவ்வளவு தம்பி?"

"ஒங்ககிட்ட என்னண்ணே. பாத்துக் குடுங்க."

இருநூறு நீட்டினார். கை வாங்கிக்கொண்டது.

4

முடிவு அ: அவருக்குக் கடைசிவரை தெரியாது. கடை பிழைத்துக்கொள்கிறது.

முடிவு ஆ: போய்ச் சொல்கிறேன், அவர் மன்னித்து... (மன்னிப்பையும் நானே விலை பேசி முடிக்கிறேன், அடித்தாயிற்று.)

நடந்தது இது. சற்று முன் விசாலாட்சி போனை நீட்டினாள். "தெட்சிணாமூர்த்தி அண்ணன் கடை மூடுனதச் சொன்னதுக்கு எனக்கு நன்றின்னு மேப்புலேருந்து வந்திருக்கு. எழுநூத்தி முப்பது பேருக்கு ஒதவியா இருந்துச்சாம். நான் எப்பங்க சொன்னேன்?"

எழுத உட்கார்ந்தேன். அவள் போகவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டாள்.

"நீங்க போறீங்களா, நான் போவட்டுமா?"

இந்த வரி முடியும்வரை நேரம் கேட்டிருக்கிறேன். அவர் வீட்டுக்குப் போவது யார் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் பக்கத்துக் கணக்கு:

வரவு: இருநூறு ரூபாய், அவருக்கு வரவேண்டிய படகுக்காரர்கள் பதினேழு பேர்.

செலவு: மூன்று போனில் பன்னிரண்டு தட்டு.

பாக்கி: அவர் வீடு. வரைபடம் சொல்கிறபடி, நடந்தால் பதினொரு நிமிஷம்.